தாடியில் வழிந்த பழைய சொல்

வியாதி வருவதற்கு முன்பே அதற்கு வேண்டிய தாடியை வளர்த்து வைத்துக்கொண்டவன் உலகத்திலேயே என் மகன் ஒருவனாகத்தான் இருப்பான். மற்றவர்களுக்குப் படுக்கையில் விழுந்த பிறகு தாடி வளரும். இவன் தாடி வளரும்வரை காத்திருந்துவிட்டுப் படுக்கையில் விழுந்தான்.

பெற்றவளே இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். என்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? அவன் கதையை ஜெபக்கூடத்தில் ஒரு மாதிரி சொல்கிறார்கள், அவன் வேலை பார்க்கும் கட்டடத்தில் இன்னொரு மாதிரி சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடி ஓர் இடத்திலாவது இருக்கட்டும்.

அவன் லிஃப்ட்காரன். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறான். ஓட்டுகிறான் என்பது அவன் சொல்வது. முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவான், அவ்வளவுதான். நாள் முழுக்க மேலே போவான், கீழே வருவான். ஏறியதிலும் அவன் பாடு ஒன்றுமில்லை, இறங்கியதிலும் இல்லை. அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த உத்தியோகம். அதையும் அவனாகத் தேடிக்கொள்ளவில்லை. என் மகள், அவனுடைய அக்கா, தையல்காரி. அந்தக் கட்டடத்து ஜன்னல் எல்லாவற்றுக்கும் திரை தைத்தவள் அவள்தான். கடைசித் திரையை மாட்டி முடித்த அன்று மேலாளர் சந்தோஷப்பட்டு, "வேற எதாவது வேணுமாம்மா?" என்று கேட்டாராம். தனக்கென்ன வேண்டும் என்று யோசிக்கத் தெரியாதவள் அவள். "என் தம்பி வீட்டுல சும்மா இருக்கான் சார்" என்றாள். அப்படி வந்தது அந்த முக்காலி.

சின்ன வயதிலிருந்தே அவன் வாயில் 'மாட்டேன்' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. எவ்வளவு நல்ல பிள்ளை என்று தெருவே மெச்சும். கடைக்குப் போகிறாயா என்றால், சரிம்மா என்பான். செருப்பை மாட்டும்போது கால் சுளுக்கிக்கொள்ளும். பரீட்சைக்குப் போகிறாயா என்றால், சரிம்மா என்பான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவான். வாய் ஒத்துக்கொள்ளும், உடம்பு ஒத்துக்கொள்ளாது. அவன் ஒத்துக்கொண்டதையெல்லாம் அக்காக்காரி போய்ச் செய்துவிட்டு வருவாள். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி நிற்க, "நான் பக்கத்துலேயே இருந்து பாத்துக்கறேன், நீங்கள்லாம் நிம்மதியாப் போங்க" என்று விசும்பி விசும்பிச் சொன்னான். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். மறுநாளே மருந்து வாடை தலையைச் சுற்றுகிறது என்று வீடு திரும்பினான். கடைசிவரை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மகள்.

அவளுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது.

முகம் உப்பியது, கால் வீங்கியது, மிஷின் மிதிக்க முடியவில்லை என்றாள். போய்ப் பார்த்தால் இரண்டும் சுருங்கிக் கிடக்கிறது என்றார்கள். அப்புறம் வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு பெட்டி போன்ற இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ரத்தத்தை வெளியே விட்டுச் சுத்தம் செய்து உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். ஊசி குத்திக் குத்திக் கை நரம்பு கயிறு போல முறுக்கிக்கொண்டது. அதைக்கூடச் சொல்லமாட்டாள். தாகத்தைத்தான் சொல்வாள். உடம்பில் விழுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் அளந்துதான் குடிக்க வேண்டும். ஒரு சின்ன பாட்டிலில் அன்றன்றைக்கு உள்ளதை ஊற்றி வைத்துக்கொண்டு, மூடி மூடியாகக் குடிப்பாள். உதடு வெடித்திருக்கும். பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கும். வாயில் எச்சில் ஊறுவதே ஒரு வரம் என்று அவளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வேறு ஒருவர் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தால் அவள் பழையபடி எழுந்து மிஷின் மிதிப்பாள் என்றார் டாக்டரம்மா. நான்தான் முதலில் கையை நீட்டினேன். அந்த அம்மாள் என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்தார். "உங்களோடது உங்களுக்கே போதுமான்னு சந்தேகமா இருக்கும்மா" என்றார். மருமகன் பஸ் மெக்கானிக், மாடு மாதிரி உடம்பு. அவர் ரத்தம் இவளுக்குச் சேராதாம். மிச்சம் இருந்தது என் மகன். பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது.

பொருந்தியது என்று டாக்டரம்மா எங்களுக்குச் சொல்வதற்குள் அவன் ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டான். "எங்கக்காவுக்கு என் உடம்புல பாதியைக் குடுக்கறேன்" என்றான். பாதி எங்கே, ஒரு கைப்பிடி. அதற்கே கைதட்டல் ஓயவில்லை. போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்து கட்டிப்பிடித்து அழுதார். அன்றிலிருந்து லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கி, கத்தி வைக்கப்போகும் இடத்தைக் காட்டினான். இரண்டாவது மாடிக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவது மாடிவரை கதை. மேல்மாடிக்காரர்கள் பாவம், முழுக்கதையும் கேட்க வேண்டும். தேநீர்க் கடைக்காரன் அவனிடம் டீக்குக் காசு வாங்குவதை விட்டுவிட்டான். என் மகள் மட்டும், "அவனை நான் கேக்கவே இல்லம்மா, அவனா வந்து சொன்னான் பாரு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இவன் சரி என்று சொன்னால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா?

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். எச்சில் வந்தது அப்போதுதான்.

எங்கள் போதகர் ஒரு சொல்லைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். முன்பு உப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் பேசினார். இந்த முறை எச்சிலைப் பிடித்துக்கொண்டார். வேதம் முதலில் எழுதப்பட்ட பழைய பாஷையில் எச்சிலுக்கு ஒரு சொல் உண்டாம். தொண்டையில் முள் மாட்டினால் வருகிற சத்தம் போல ஒன்றைச் சொல்லிக் காட்டினார், எனக்கு அது வாயில் நுழையவில்லை. ஆனால் அர்த்தம் நுழைந்தது. துப்புவது வேறு, ஒழுகுவது வேறு என்றார். ஒருவன் முகத்தில் காறித் துப்பி அவமானப்படுத்துகிற எச்சிலுக்கு அந்தப் பாஷையில் வேறு சொல். இது தானாக ஒழுகுகிற எச்சிலுக்கு உள்ளது. வேதத்தில் இரண்டே இடத்தில்தான் வருகிறதாம். பிற்பாடு ராஜாவான ஒரு வீரர், எதிரி ராஜாவின் ஊரில் மாட்டிக்கொண்டபோது, உயிர் பிழைப்பதற்காகப் பைத்தியம் போல நடித்தாராம். கதவைப் பிறாண்டினாராம். வாயிலிருந்து எச்சிலைத் தாடியில் வழியவிட்டாராம். அந்த எச்சில் ஓர் இடம். இன்னொரு இடத்தில், துன்பப்பட்ட ஒரு மனிதர் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று புலம்புகிறார். உப்பில்லாமல், ருசியில்லாமல், கொழகொழவென்று இருக்கிறதே என்கிறார். அது முட்டையின் வெள்ளைக்கரு என்று சிலர் சொல்வார்களாம், ஏதோ ஒரு கீரையிலிருந்து வடிகிற வழவழப்பு என்று சிலர் சொல்வார்களாம். எதுவானாலும் அந்தக் கொழகொழப்புக்கும் அதே சொல்தான் போட்டிருக்கிறதாம்.

படிக்கத் தெரிந்தவர்கள், வீட்டில் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு பிரசங்கத்தில் தூங்கிவிடுவார்கள். எனக்கு அந்தச் சௌகரியம் கிடையாது, காதில் விழும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் விழித்திருந்தவர்கள் போதகரும் நானும் மட்டும் இல்லை. எனக்குப் பக்கத்தில் என் மகன் முன்னால் சாய்ந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அடடா, சாகப்போகிற வயதில் எனக்கு இப்படி ஒரு பாக்கியமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் அவன் முகம் மழிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் மழிக்கவில்லை. மருமகள் பேக்கரியில் ரொட்டி விற்கிறவள், மாவு போலவே வெள்ளை மனசு. "ஏங்க, முகம் குத்துது" என்றாள். "ஆபரேஷன் வரைக்கும் ஒரு பிரார்த்தனை" என்றான். அவள் பூரித்துப்போனாள்.

தாடி நன்றாக அடர்ந்த பிறகு ஒரு காலை, டீயை எடுத்துக்கொண்டு போனவள் வீல் என்று அலறினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கண் மேலே சொருகியிருந்தது. திறந்த வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தாடியில் தேங்கியிருந்தது. பிறகு எழுந்து போய்க் கதவைப் பிறாண்டினான். அதிலும் பாருங்கள், வாசல் கதவுக்கு வீட்டுச் சொந்தக்காரர் அப்போதுதான் வர்ணம் பூசியிருந்தார், கீறல் விழுந்தால் சண்டைக்கு வருவார். புத்தி பேதலித்தவன் அந்தக் கதவைத் தாண்டிப் போய், குளியலறையின் பழைய கதவாகப் பார்த்துப் பிறாண்டினான்.

ஆஸ்பத்திரியில் அவன் தலையைக் குழாய் போன்ற ஒன்றுக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். "மூளைப் படத்துல ஒண்ணும் இல்லைங்க" என்றார் படம் எடுத்தவர்.

"உள்ள ஒண்ணும் இல்லைன்னு நான் எப்பவோ சொல்லிட்டேனே" என்றேன்.

"அத்தை!" என்று மருமகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

சுயபுத்தியோடு சம்மதிக்காதவன் உடம்பில் கத்தி வைக்க முடியாது, ஆபரேஷன் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் மகள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். அவளிடம் இதை நான்தான் போய்ச் சொன்னேன். ஆபரேஷன் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்காக யோசிச்சு யோசிச்சே இப்படி ஆயிட்டான்மா" என்று அழுதாள். கண்ணீர்தான் வரவில்லை. உடம்பில் இருந்த தண்ணீரை இயந்திரம் இழுத்துக்கொண்டிருந்ததே.

வீட்டில் அவனோடு இருப்பவள் நான். தலையணை உறையைத் துவைப்பதும் நான்தான். உண்மையாகவே வாய் ஒழுகுகிறவனுக்குத் தூக்கத்தில்தான் அதிகம் ஒழுகும். இவன் தலையணை காய்ந்த சருகு. டீ குடிக்கும்போது ஒரு சொட்டு சிந்தாது. வாசல் மணி அடித்தால் போதும், கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கும் சொம்பை எடுத்து மடக் மடக்கென்று தண்ணீரைக் குடித்து, ஒரு வாய் அடக்கிக்கொண்டு, ஆள் உள்ளே வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவான். ஜெபக்கூடத்துக்காரர்கள் கூடை கூடையாகப் பழத்தோடு வந்தார்கள். தியாகம் பண்ணப்போனவனைச் சாத்தான் அடித்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் படியிறங்கியதும் சாத்தான் பழத்தை உரித்துத் தின்னும், கொட்டையைக்கூடச் சுத்தமாகத் துப்பும்.

ஒரு நாள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"டேய், வாயை மூடு. ஈ போகும்."

அவன் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தான்.

"அந்தப் பிரசங்கத்தை நானும்தான் கேட்டேன். கதவு, தாடி, எச்சில், எல்லாம் வரிசையாத்தான் பண்ற. ஒண்ணுதான் விட்டுட்ட. அந்த மனுஷன் வாளோட நிக்கறவங்க நடுவுல மாட்டிக்கிட்டு அப்படிப் பண்ணினாரு. உன்னைச் சுத்தி யாருடா நிக்கறா? ரொட்டி விக்கிற பொண்டாட்டியும் மூச்சு விட முடியாத அக்காவும்."

கண் ஒரு நொடி என் பக்கம் திரும்பியது. பிறகு சொருகிக்கொண்டது. சொம்பை நான் எடுத்துவிட்டிருந்தேன், ஆனாலும் எங்கிருந்தோ ஒரு சொட்டைத் தேடிப்பிடித்துத் தாடியில் விட்டான். அந்த வீரருடைய எச்சில் வேறு. அது வீரமும் பயமும் கலந்த எச்சில். இவனுடையது அந்த இரண்டாவது இடத்தில் வருகிறதே, உப்புமில்லாமல் ஒன்றுமில்லாமல், அது. வாயில் போட்டால் எனக்கும் விளங்காது.

போதகரிடம் சொன்னேன். பார்க்க வந்தவரை மாடிப்படியிலேயே நிறுத்தி, "நீங்க சொன்ன கதையைத்தான் அவன் நடிச்சுக் காட்டறான் போதகரய்யா. பொறுமையா உக்காந்து பாருங்க, உங்களுக்கே விளங்கும்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாம்மா, புத்தி மங்கின நேரத்துலயும் வசனம் மனசுல நிக்குது அவருக்கு!" என்றார். அடுத்த வாரமே அந்தப் பழைய சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார். தன்னையே கொடுக்கத் துணிந்தவனின் வாயிலிருந்து வழிவதும் அதுதானாம். வேதத்தில் இரண்டு இடம், மூன்றாவது இடம் எங்கள் வீட்டுக் கட்டில். கூடமே தேம்பியது. என் மருமகளைச் சுற்றிப் பெண்கள் நின்று தடவிக்கொடுத்தார்கள். நான் எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு டாக்டரம்மாவிடம் போனேன். அவன் நடிக்கிறான் என்றேன். அந்த அம்மாள் ஆச்சரியப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "குடுக்க வர்ற எல்லாரையும் நாங்க தனியா ஒரு ரூம்ல உக்காரவெச்சுப் பேசுவோம்மா. இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, பொருந்தலைன்னு வீட்டுக்கு நாங்களே சொல்லிடறோம், காரணம் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லுவோம்" என்றார்.

"இவன்கிட்டயும் சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும்னு சொன்னேனே."

எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. அடைத்த கதவுக்குள்ளே, காதோடு காதாக, ஒரே ஒரு 'மாட்டேன்'. அதைச் சொல்லியிருந்தால் தாடியும் வேண்டாம், பிறாண்டலும் வேண்டாம், அவன் பெயரும் கெட்டிருக்காது. பயப்படுவது குற்றமா? கத்தி என்றால் யாருக்கும் பயம்தான். எனக்கும்தான். பயமாக இருக்கிறது என்று சொல்வதைவிடப் பைத்தியம் என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைத்தானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வேறொரு குடும்பத்திலும் இதே கஷ்டமாம். வாத்தியார் ஒருவருக்கு வேண்டும், மனைவி கொடுக்கத் தயார், ஆனால் அவருக்குச் சேரவில்லை. வாத்தியார் மனைவியுடையது என் மகளுக்குச் சேரும், என் மருமகனுடையது அந்த வாத்தியாருக்குச் சேரும். மாற்றிக் கொடுத்துக்கொண்டால் இரண்டு பேரும் பிழைப்பார்கள். மருமகன் எப்போது வேண்டுமானாலும் தயார் என்று சொல்லிவிட்டார். "உங்க பொண்ணுதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அந்தக் குடும்பம் ரொம்ப நாள் காத்துக்கிட்டிருக்காது, வேற ஜோடி கிடைச்சா போயிடுவாங்க. இவங்க கை நரம்பும் இதுக்கு மேல தாங்காது. நீங்க பேசிப் பாருங்க" என்றார்.

பேசினேன். இயந்திரம் அவள் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

"தம்பி குடுக்கறேன்னு சொல்லியிருக்கான்மா. நாளைக்கே தெளிஞ்சு எழுந்து வருவான். அதுக்குள்ள அக்கா அந்நியங்க கிட்டப் போயிட்டாளேன்னு நினைக்க மாட்டானா? மனசு உடைஞ்சு மறுபடியும் இப்படி ஆயிட்டான்னா?"

"அடிப் பாவி, அவன் நடிக்கிறான்டி!"

"உனக்கு அவன் மேல எப்பவுமே இளக்காரம்."

"ஆமா, இளக்காரம்தான். அதனால நான் சொல்றது பொய்யாயிடுமா?"

"அம்மா, நாக்கு ஒட்டுது. அப்புறம் பேசலாம்." கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகவே இனி நானோ டாக்டரம்மாவோ போதகரோ பேசிப் பயனில்லை. அவள் நம்புகிற வாய் ஒன்றே ஒன்று. அது திறந்துதான் கிடந்தது, எச்சிலைத் தவிர எதுவும் வரவில்லை. அந்த வாயிலிருந்து ஒரு 'மாட்டேன்' வந்தாக வேண்டும். வராவிட்டால் என் மகள் காத்திருந்தே செத்துப்போவாள்.

அடுத்த முறை இயந்திரத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மருமகள் பேக்கரிக்குப் போனதும் நான் சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து குழாயின் திருகை இறுக்கி மூடினேன். குளியலறையிலும் மூடினேன். சொம்பு, குடம், டம்ளர், பூச்சாடியில் இருந்த தண்ணீர் உள்பட எல்லாவற்றையும் கொட்டினேன். பழக்கூடையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். வாசல் மணி அடித்தது. கட்டிலுக்குக் கீழே அவன் கை துழாவுகிற சத்தம் எனக்குக் கேட்டது. துழாவட்டும்.

என் மகள் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். அவன் வழக்கம்போலக் கண்ணைச் சொருகி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நாக்கைச் சுழற்றினான், கன்னத்தை உள்ளே இழுத்தான். ஒன்றும் வரவில்லை. அவள் தாடியைத் துடைக்கக் கைக்குட்டையோடு காத்திருந்தாள். தாடி காய்ந்து விறைத்திருந்தது. அவன் தொண்டைக்குள் காற்று மட்டும் ஏறி இறங்கியது. நான் வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டு பார்த்தேன். இரக்கமா? துளியும் இல்லை.

அவள் குனிந்து அவன் உதட்டைப் பார்த்தாள்.

"தம்பி, வாய் ஒரேயடியாக் காஞ்சுபோயிருக்கேடா. இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

பையிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு மிச்சம் இருந்தது அடியில் கொஞ்சம்தான். மூடியைத் திருகித் திறந்து, ஒரு கையால் அவன் முகவாயைப் பிடித்துக்கொண்டு, அதை அவன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பிடுங்கலாம் என்று காலை எடுத்தேன்.

"வேண்டாம்க்கா" என்றான்.

அவள் கை அப்படியே நின்றது.

"வேண்டாம்க்கா. அது உன்னோட தண்ணி." கண் நேராக வந்துவிட்டது. பிறகு அழ ஆரம்பித்தான். "என்னால முடியாதுக்கா. எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கத்தியை நினைச்சாலே ஓடிடலாம்னு தோணுது. என்னால முடியாது."

அவள் பாட்டிலை மூடினாள். மூடி பொருந்த நேரமாயிற்று.

"அந்த ரூம்ல உன்னைத் தனியா வெச்சுக் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க."

"ஏன்டா சொல்லல?"

"அங்க இருந்த நர்சு, உங்களை மாதிரித் தம்பி யாருக்குக் கிடைப்பாங்கன்னு சொல்லிட்டிருந்தாங்க. அப்போ போய் எப்படிக்கா..."

அந்தச் சோப்ளாங்கியைப் பெற்ற வயிற்றில் நான் அடித்துக்கொள்ளப் போனேன். என் மகள் என் பக்கம் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபம் ஏறுவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அத்தனை வருடம் அவனுக்குப் பதிலாகக் கடைக்குப் போனபோதுகூட வராத கோபம்.

"எனக்கு நீ குடுக்காதது பெரிசில்ல. நான் கேக்கவே இல்ல. ஆனா உனக்காக நான் அங்க ஒரு குடும்பத்தையே வேண்டாம்னு உக்காரவெச்சிருக்கேன். அந்த வாத்தியார் செத்துப்போயிருந்தா? நான் செத்துப்போயிருந்தா, என் பாடைக்குப் பக்கத்துலயும் இப்படியே வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருப்பியா?"

அவன் ஏதோ சொல்ல வந்தான்.

"வாயை மூடு" என்றாள்.

மூடினான். அவ்வளவு நாளில் முதல் தடவையாக.

போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "அந்த இன்னொரு குடும்பம் இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். யாரையோ கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அந்த நேரம் முழுவதும் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள், "சரிங்க டாக்டர். சரிங்க" என்றாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். இருக்கிறார்கள். நான் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

அவன் தெளிந்த கதையை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்காதீர்கள். ஜெபத்தால் குணமானான் என்றார்கள். மேடையில் ஏற்றினார்கள். இவன் மழித்த முகத்தோடு ஏறி நின்று, இருட்டான சுரங்கத்துக்குள்ளிருந்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன் என்றான். சமையலறைக் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது லிஃப்டில் அந்தச் சுரங்கக் கதைதான் ஓடுகிறது. உடம்பு இளைத்துவிட்டது, டாக்டர்கள்தான் இனி ஆபரேஷனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று முடிப்பானாம். அவனுக்குச் சோறு போடுகிறேன், பிள்ளையாயிற்றே. போடும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆபரேஷன் ஒரே நாளில் நான்கு பேருக்கும் நடந்தது. கண்ணாடி அறைக்குள் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு போய்ப் பார்க்கவிட்டார்கள். குழாய் வழியாகப் பை நிறையச் சிறுநீர் இறங்கியிருந்தது. அதை நர்ஸ் என்னிடம் தூக்கிக் காட்டினாள், குழந்தையைக் காட்டுவது போல. என் மகளுக்கு முகத்தில் ரத்தம் ஓடியது.

அந்த நேரத்தில் வராந்தாவுக்கு அந்தப் பக்கம் தடால் என்று ஒரு சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். எதிர் அறையில் மருமகன் வயிற்றில் கட்டோடு படுத்திருந்தார். என் மகன் அவரைப் பார்க்க வந்திருக்கிறான். "ரொம்ப வலிக்குதா மாமா?" என்று கேட்டிருக்கிறான். அவர் அதிகம் பேசாதவர். "வலிக்குது" என்று சொல்லிப் போர்வையை விலக்கிக் காட்டியிருக்கிறார். இவன் நின்றபடியே சாய்ந்துவிட்டான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் காலியாக இருந்த கட்டிலில் கிடத்தினார்கள்.

"என்னம்மா சத்தம்?" என்றாள் என் மகள்.

"உன் தம்பிதான். தையலைப் பாத்துட்டு விழுந்துட்டான்."

"நெசமாவா, இல்ல..."

"இந்தத் தடவை நெசம்தான்டி. தலையில வீங்கியிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வைக்காதம்மா. இது நான் போட்ட தையல் இல்ல, பிரிஞ்சாலும் பிரிஞ்சுடும்" என்றாள்.